லயனும் லைனும்

பொறியியல் படிக்கிற எவரும் ஒரு முழு வருடம் வெளியில் வேலை செய்து காட்ட வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டம். வேலை கொடுக்கிற இடத்து எஞ்சினியர் கடைசியில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வருடம் கணக்கில் வரும். போடாவிட்டால் இன்னொரு இடத்தைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடப் படித்தவர்கள் கறுப்பு அங்கி போட்டுப் போட்டோ பிடிக்கும்போது நாம் ஓரமாக நின்று கைதட்ட வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். கைதட்டுவதற்காக ஒன்றும் நான் அங்கே போகவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே, ஆறு மலையிலிருந்து இறங்குகிற இடத்தில் இருந்த ஒரு தனியார் சின்ன நீர்மின் நிலையத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கிடைத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கேட்ட இடத்திலெல்லாம் "பொம்பளப் பிள்ளைக்குத் தங்க வசதி இல்லையே" என்று தலையைச் சொறிந்தார்கள். இங்கேயும் சொறிந்தார்கள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்து போவேன் என்றேன். அதற்கு மேல் சொறிய ஒன்றும் இருக்கவில்லை.

எஞ்சினியர் கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர். கிழமையில் பாதி நாள் மாத்தளை டவுன் ஆபிசில் இருப்பார், மீதி நாள் எங்கள் பவர் ஹவுசில். முதல் நாள் என்னை நிற்க வைத்தே கேட்டார்.

"எங்கயிருந்து வாறீங்க?"

"தோட்டத்து லயன்ல இருந்து சார்."

"லைன்லயா? அப்ப லைன் வேல ரத்தத்துலயே இருக்கும்தானே."

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். தோட்டங்களில் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டின வீடுகளை நாங்கள் லயன் என்போம். கம்பி போகிற லைன் வேறு. எழுதிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு, வாயில் வந்தால் ஏறக்குறைய ஒன்றுதான். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அதை வைத்து என் முகத்துக்கு நேரே சிரித்தவர் அவர்தான் முதல் ஆள்.

"ஆமா சார். தொட்டா அடிக்கும்," என்றேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் எனக்கு மறுநாளே போட்டோக்கொப்பி மெஷினையும் கேத்தலையும் வாங்கிக் கொடுத்தது. கொழுந்து கிள்ளுகிறவளின் மகளுக்குப் பிளேன்டீ ஊற்றுவது எப்படி என்று கற்றுக்கொடுத்த பெருமை அந்த நிலையத்தையே சேரும்.

நான் விடவில்லை. டீ கொண்டுபோகிற சாக்கில் கண்ட்ரோல் ரூமுக்குள் போவேன். போனால் வெளியே வரமாட்டேன். அங்கே பகல் வேலையில் இருந்த ஒப்பரேட்டர் மாத்தளை டவுன் முஸ்லிம், ஐம்பதை நெருங்குகிறவர். அண்ணன் முறைக்கு நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். முதலில் துரத்திப் பார்த்தார். பிறகு சலித்துக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இவ்வளவு கேள்வி கேக்குறதுக்கு நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் தங்கச்சி."

"வக்கீல்னா கோட்டுக்கு இழுப்பாங்க நானா. நான் டீதானே தர்றேன்."

இப்படியே மழைக்காலம் தொடங்குவதற்குள் மெஷினை எழுப்பவும் நிறுத்தவும் எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினியருக்கு இது தெரியாது. அவருடைய கணக்கில் நான் இன்னும் கேத்தலோடுதான் இருந்தேன்.

பவர் ஹவுசிலிருந்து மேலே, ஆற்றை மறிக்கிற அணை வரைக்கும் ஒரு கரண்ட் லைன் போகிறது. அணையின் கதவைத் தூக்குவதும், தண்ணீரோடு வருகிற இலை தழைகளை வாரி எடுப்பதும் அந்தக் கரண்டில்தான். நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம். கம்பி அந்தத் தோட்டத்து லயன்களின் தகரக் கூரைக்கு மேலாலேயே போகும். கீழே வீட்டுக் காம்பராக்களில் இருட்டினதும் பல்பு கோயில் விளக்கு மாதிரி மங்கலாக மினுங்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

லைனில் ஏறுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் இரத்தோட்டைச் சிங்களவர், கைதேர்ந்த வேலைக்காரர் என்பதால் எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவோம். மற்றவர் தோட்டத்து ஆள், எனக்கு அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் வயது. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் கம்பியை மண்ணோடு சேர்க்கிற ஒரு கேபிளை மாட்ட வேண்டும். எர்த் செட் என்பார்கள். யாராவது தவறிப்போய்க் கரண்ட் விட்டாலும் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். எங்கள் எர்த் செட் பழுது பார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தது. போனது போனதுதான். எப்போது கேட்டாலும் எஞ்சினியர் "வரும் வரும்" என்பார்.

ஏறினவர்கள் இறங்கிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள அங்கே ஒரு வழக்கம் இருந்தது. லைன் போகிற பள்ளத்தில் போன் எடுக்காது. தோட்டத்துக் கங்காணி நிற்கிற மேட்டில் எடுக்கும். ஆகவே நானா கங்காணிக்கு அடித்துக் கேட்பார், கங்காணி எட்டிப் பார்த்துச் சொல்வார், நானா கரண்டை விடுவார். வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது. ஏறினவன் தன் வாயால் "இறங்கிட்டேன்" என்று சொல்லாமல் கரண்ட் விடக்கூடாது என்று நான் படித்த எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை ஒரு தடவை எஞ்சினியரிடம் சொன்னேன்.

"புத்தகத்த கெம்பஸ்ல வெச்சிட்டு வாங்க," என்றார்.

அந்த நாள் விடியும்போதே நல்ல மழை. காலையில் ஒரு பெரிய கிளை முறிந்து லைனில் விழுந்து கம்பி அறுந்தது. நானா பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தினார். பாஸும் அண்ணனும் கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். அணையில் கரண்ட் இல்லாததால் இலை தழை வந்து தண்ணீர் நுழைகிற இடத்து வலையை அடைத்தது. கீழே மெஷினுக்கு வருகிற தண்ணீர் குறைந்துகொண்டே போனது. ஆறு நுரைத்துக்கொண்டு ஓடுகிறது, மெஷின் பட்டினி கிடக்கிறது. டவுன் ஆபிசிலிருந்து எஞ்சினியர் போனுக்கு மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை கொஞ்சம் விட்டது. நானா கங்காணிக்கு அடித்தார். மெஷின் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கங்காணியார், லைன்ல ஆள் இருக்கா?"

"லயன்ல யாரும் இல்லீங்களே. எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தாங்க. சாப்பிட்ட கையோட போயிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று நானா போனை வைத்தார். அவர் கை, கரண்டை விடத் திருப்புகிற பிரேக்கர் சாவிக்குப் போனது.

நான் ஸ்டூலை விட்டு எழும்பினேன்.

"நானா, பொறுங்க. அவரு நம்ம லைன சொல்லல."

"லைன்னா லைன்தானே தங்கச்சி."

"அவருக்கு லயன்னா வீடு. வீட்டுல யாரும் இல்ல, எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்கன்னு சொல்றாரு. மலைக்குப் போறதுன்னா எங்களுக்கு வேலைக்குப் போறது. கம்பத்துல ஏறினவங்க எதுக்கு நானா மலைக்குப் போகப்போறாங்க?"

நானாவின் கை சாவியிலேயே நின்றது. "அப்ப பாஸ் எங்க?"

"அத இன்னும் யாரும் கேக்கவே இல்லையே."

திரும்ப அடித்தோம். கங்காணி எடுக்கவில்லை. மழைக்குப் பயந்து போனைப் பொலித்தீனில் சுற்றி மடியில் முடிந்திருப்பார். சிங்களத்தில் கேட்டிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. ஒரு லயன் ஆள் இன்னொரு லயன் ஆளைக் கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. டவுன் தமிழும் தோட்டத் தமிழும் ஒன்றுதான் என்று இரண்டு பேரும் நம்பியதால்தான் நடந்தது. இத்தனை வருடமும் இது நடக்காமல் இருந்ததுதான் அதிசயம்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் மறுபடியும் அடித்தார். ஸ்பீக்கர் அப்படியே இருந்தது.

"என்ன, இன்னும் போடலையா?"

நானா தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னார். எஞ்சினியர் பாதியிலேயே வெட்டினார். "கங்காணி ஆள் இல்லன்னு சொல்லிட்டார்தானே. போடுங்க."

"சார், அவரு சொன்னது லயன்," என்றேன் நான்.

"யாரது? ட்ரெய்னியா? ட்ரெய்னிக்கு அங்க என்ன வேல?"

"ஆள் இறங்கிட்டாங்களான்னு இங்க யாருக்கும் தெரியாது சார்."

"நானா, நான் சொல்றேன், போடுங்க. இது ஓர்டர்."

நானாவுக்கு மூன்று பிள்ளைகள், வாடகை வீடு, வேலை போனால் அடுத்தது என்ன என்று தெரியாத மனிதர். அவர் விரல் சாவியை விட்டுப் போகவும் இல்லை, திருப்பவும் இல்லை. நான் அவர் கையை விலக்கிச் சாவியை உருவி எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

"சாவி என்கிட்ட இருக்கு சார். ஏறினவங்க வந்து அவங்க வாயால சொல்லட்டும், குடுக்குறேன்."

எஞ்சினியர் மெதுவாகச் சொன்னார். "உங்கட வருஷம் என் கையில இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கு சார்."

நான் மேலே நடந்தேன். பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் அம்மா முன்னால் போய் எப்படி நிற்பேன் என்றும் யோசித்தேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இரண்டு ஆள் கம்பத்தில் தொங்குகிறார்களா இல்லையா என்று போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்கிற ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் கால் நடந்தது. அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை.

பள்ளத்தின் விளிம்பிலிருந்து பார்த்தேன். பாஸ் கம்பத்தின் உச்சியில் பெல்ட்டில் சாய்ந்து நின்றுகொண்டு, வெறுங்கையால் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த கம்பத்தில் அண்ணன். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மொகத நங்கி?" என்று பாஸ் மேலிருந்தே கேட்டார். என்ன தங்கச்சி என்று அர்த்தம்.

என்னத்தைச் சொல்வது. பையிலிருந்து சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், மூச்சு வாங்க நிற்கிற என்னைப் பார்த்தார். அந்தச் சாவி ஆள் மேலே இருக்கும்போது கண்ட்ரோல் ரூமை விட்டு வெளியே வருகிற சாமான் இல்லை என்று அவருக்குத் தெரியும். கம்பியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார். இறங்கி வந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் "மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன். கொஞ்சம் பொறுத்து அவர்களே எழும்பி மறுபடியும் ஏறினார்கள். வேலை முடிகிற வரைக்கும் சாவியோடு நான் கம்பத்தடியில் நின்றேன். பிறகு மூன்று பேருமாகக் கீழே வந்தோம். பாஸ் நானாவின் முகத்துக்கு நேரே "பெஸ்ஸா," இறங்கிவிட்டோம் என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் எஞ்சினியர் என்னையும் நானாவையும் ஆபிஸ் அறைக்குள் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். சிரித்த முகமாக இருந்தார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. பெருசாக்காம விட்டுருவோம்."

"யாரு தலைக்கு சார்?"

சிரிப்பு போனது. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இங்கிலீஷில் அடித்திருந்தது. நான் ஒரு தொலைபேசிச் செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு, அனுமதி இல்லாமல் சாவியை எடுத்துப் போய், உற்பத்திக்கு நட்டம் உண்டாக்கியதற்கு மன்னிப்புக் கேட்கிறேனாம். கீழே என் பெயர், கோடு.

"சைன் பண்ணுங்க. வருஷக் கடைசியில திருப்தின்னு எழுதுறேன். வேணும்னா மிக நன்றுன்னே எழுதுறேன்."

நானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா புரிஞ்சது நான் இல்ல சார். அந்த ரூம்ல சரியா புரிஞ்சது நான் மட்டும்தான். ஏறினவங்க வாயால சொல்லாம கரண்ட் விடக்கூடாதுன்னு எழுதி ஒட்டுங்க. எர்த் செட்ட கொண்டு வாங்க. அப்புறம் என்னைப் பத்திப் பேசுவோம்."

"இங்க சட்டம் போட நீங்க யாரு?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, லைன் வேல ரத்தத்துல இருக்குன்னு."

தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு எழும்பினேன். வெளியே வந்ததும் நானா பின்னாலேயே வந்தார். "மன்னிச்சிக்க தங்கச்சி. எனக்கு மூணு புள்ள." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாஸுக்கும் புள்ளைங்க இருக்கு நானா," என்றேன். அன்றைக்கு அவருக்கு டீ கொண்டுபோகவில்லை. மறுநாளும் கொண்டுபோகவில்லை.

என்னைப் போட்டோக்கொப்பி மெஷினுக்கே திரும்ப அனுப்பினார்கள். அடுத்த முறை லைன் விழுந்தபோது பாஸ் பெல்ட்டைத் தொடவில்லை. எர்த் செட் வந்தால் ஏறுகிறேன் என்று பவர் ஹவுஸ் வாசலில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். மெஷின் மறுபடியும் பட்டினி கிடந்தது. மறுநாள் எர்த் செட் வந்துவிட்டது. அத்தனை மாதம் பழுது பார்த்த சாமான் ஒரே இரவில் சரியாகிவிட்டது பாருங்கள். நானாவும் அதற்குப் பிறகு கங்காணிக்கு அடிக்கவில்லை. வேலை முடிந்ததும் பாஸ் மேட்டுக்கு ஏறி வந்து தன் போனில் பேச வேண்டும். அதுவரை எஞ்சினியர் கத்தினால், "மெஷின் சத்தம் சார், ஒண்ணுமே கேக்குதில்ல" என்று நானா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அவருக்கு மறுபடியும் டீ கொண்டுபோனேன்.

வருடம் முடிகிற கிழமையில் எஞ்சினியர் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று பல்கலைக்கழகத்துக்குப் போகிற அறிக்கை, மற்றது அந்தப் பழைய மன்னிப்பு. என் பேரில் மன்னிப்பு இருந்தால்தான் அவருடைய ஓர்டரைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கெட்டிக்காரப் பிள்ளை நீங்க," என்றார். குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது. "ஒரு சொல்லுக்காக ஒரு வருஷத்த வீணாக்குறீங்களே."

"சொல் இல்ல சார். ரெண்டு பேர்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அறிக்கையில் 'திருப்தி இல்லை' என்று எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் நான் நிமிர்ந்துதான் நின்றேன். குனியக் குனியக் குட்டுவார்கள் என்பதை எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அழுகை இரத்தோட்டை பஸ்ஸில் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆசை தீர அழுதேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப வருஷம் போச்சு."

"போச்சும்மா."

"அந்த ரெண்டு பேரும்?"

"இருக்காங்க."

"பெறகு என்னத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க. வருஷம் வருஷா வருஷம் வரத்தான் செய்யும். சோறு ஆறுது, கையக் கழுவு."

சாப்பிட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி வேறொரு பவர் ஹவுசுக்குப் போனேன். போன வருடம் எனக்கு ஏன் கையெழுத்துக் கிடைக்கவில்லை என்பதை, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்.